ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் கணினிக்கு எந்த ஆஃபிஸ் மென்பொருள்? வருடா வருடம் பணம் கட்டத்தான் வேண்டுமா?

#1 காவிரிக்கரை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். கருவூலத் துறையில் 34 வருடம் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். வீட்டில் இருந்த பழைய கணினி விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு ஆதரவு நின்றுவிட்டதால் மகள் புது லேப்டாப் வாங்கித் தந்தாள். அதில் வேர்டு, எக்செல் ஒரு மாதம் இலவசமாக ஓடின. இப்போது ஃபைலைத் திறக்கிறது, பிரிண்ட் எடுக்கிறது, ஆனால் திருத்த விடுவதில்லை. சந்தா கட்டச் சொல்கிறது.

கட்ட முடியாத தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பென்ஷனில் மாதம் எது எதற்கு எவ்வளவு என்று எழுதி வைத்து வாழ்கிற ஆள் நான். வருடம் தவறாமல் ஒரு தொகை, அதுவும் சாகும்வரை என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் வேலைகள் இவைதான். வீட்டுக் கணக்கு. பென்ஷன் கணக்குத் தாள் ஒன்று, கம்யூட்டேஷன் பிடித்தம் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கு) 15 வருடத்துக்கு மாதம் ஒரு வரியாக 180 வரி. எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், 140 பேர், வருடம் இரண்டு முறை கூட்ட அழைப்பு அனுப்ப முகவரிச் சீட்டு அடிக்க வேண்டும். பிறகு, அலுவலகக் காலத்தில் இருந்து வானவில் எழுத்துருவில் அடித்த கடிதங்கள், குறிப்புகள் நிறைய. என் அப்பாவைப் பற்றி நான் எழுதிய 60 பக்கமும் அதில்தான் இருக்கிறது. அது போய்விடக் கூடாது.

இலவசம் எடுக்கலாமா, பணம் கட்டியே ஆக வேண்டுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

#2 பென்சில்முனை

ஐயா, லிப்ரெஆஃபிஸ் எடுங்கள். நான் ஒன்பது வருடமாக அதில்தான் இருக்கிறேன்.

இலவசம் என்றால் சோதனைக்காலம் போன்ற இலவசம் அல்ல. ஓப்பன்ஆஃபிஸில் இருந்து 2010-இல் பிரிந்து வந்தது. ஜெர்மனியில், பெர்லினில் உள்ள ‘தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளை நடத்துகிறது. சந்தா கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லாது, நெட் இல்லாமலும் ஓடும். வேர்டுக்கு ரைட்டர், எக்செலுக்குக் கால்க், பவர்பாயின்டுக்கு இம்ப்ரெஸ். டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்களைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்கவும் செய்யும்.

எங்கே இறக்குவது என்பதில் கவனம் வேண்டும். தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே அடியுங்கள்: லிப்ரெஆஃபிஸ் டாட் ஆர்க். சுமார் 350 எம்பி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இதே மென்பொருள் ஒரு கட்டணத்துக்கு இருக்கும். அதுவும் போலி அல்ல, அறக்கட்டளையே போட்டிருப்பது. ஆனால் அவர்கள் தளத்தில் காசு கேட்க மாட்டார்கள்.

#3 தென்காசிச் சாரல்

சார், உங்கள் வேலைக்கு எதையும் நிறுவவே தேவையில்லை என்பது என் எண்ணம். ஜிமெயில் வைத்திருப்பீர்கள் அல்லவா? கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் அதிலேயே இருக்கிறது. 15 ஜிபி வரை இலவசம். அந்த 15 மெயிலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதை நினைவில் வையுங்கள். மைக்ரோசாஃப்டும் வேர்டு, எக்செலைப் பிரவுசரில் இலவசமாகத் தருகிறது, 5 ஜிபி இடத்தோடு. நம் ஊர் நிறுவனம் வேண்டுமானால் ஜோஹோ ரைட்டர், ஜோஹோ ஷீட் இருக்கின்றன, தனிநபருக்கு இலவசம். 2025-இல் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்களை ஜோஹோவுக்கு மாறச் சொன்னது செய்திகளில் வந்தது.

உறுப்பினர் பட்டியலைச் சங்கச் செயலாளரும் நீங்களும் ஒரே ஃபைலில் பார்த்துத் திருத்தலாம். லேப்டாப் கீழே விழுந்து உடைந்தாலும் கணக்கு எங்கேயும் போகாது.

#4 கணக்குப்பிள்ளை

எதிர்க்கருத்து ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் 30 வருடம் கணக்கு எழுதினவன். ஓய்வுக்குப் பிறகும் இரண்டு கடைக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துத் தருகிறேன். இலவசம் என்று மாறி ஆறு மாதம் ஓட்டினேன். என் எக்செல் ஃபைல்களில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், எழுதி வைத்திருந்தேன். லிப்ரெஆஃபிஸில் சில ஓடின, சில ஓடவில்லை. எது ஓடும், எது ஓடாது என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உட்கார்ந்து பார்ப்பது என்னால் ஆகவில்லை. திரும்பிப் போய்விட்டேன்.

மைக்ரோசாஃப்டில் குடும்பச் சந்தா என்று ஒன்று உண்டு. ஆறு பேர் வரை சேரலாம், ஒவ்வொருவருக்கும் 1 டிபி இடம். என் மகன், மருமகள், சம்பந்தி வீட்டார் எல்லாம் ஒரே சந்தாவில் இருக்கிறோம், பங்கு போட்டால் ஒரு ஆளுக்குப் பெரிதாக வராது. சந்தா பிடிக்கவில்லை என்றால் ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் ஆஃபிஸ் ஹோம் 2024 இருக்கிறது. ஒரு கணினிக்கு மட்டும், அதற்கு 2029 அக்டோபர் வரை அப்டேட் வரும். அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது.

காசைச் சேமிக்கிறேன் என்று 65 வயதில் புதுப் பழக்கம் பழகுவது எல்லோருக்கும் சரிவராது என்பதே நான் சொல்ல வந்தது.

#5 பென்சில்முனை

@கணக்குப்பிள்ளை சார், மேக்ரோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் காவிரிக்கரை ஐயாவிடம் மேக்ரோ இருக்கிறதா? அவர் சொன்னது வீட்டுக் கணக்கும் முகவரிச் சீட்டும்.

#6 ஓய்வு டீச்சர் (மதுரை)

நான் பட்டதைச் சொன்னால் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

கணினியைச் சர்வீஸுக்குக் கொடுத்த கடையில் “டீச்சர், ஆஃபிஸ் போட்டுத் தரட்டுமா, 500 ரூபாய், லைஃப்டைம்” என்றார்கள். லைஃப்டைம் என்ற சொல்லில் மயங்கிச் சரி என்றேன். எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் மேலே சிவப்புப் பட்டை வந்து, உரிமம் செல்லாது என்றது. கடையில் கேட்டால் அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டாராம். பிறகு என் அண்ணன் மகன் வந்து பார்த்தான். எங்கோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்தின் சாவியை என் கணினியில் போட்டிருந்தார்கள் என்றான். அது ஓட வேண்டும் என்பதற்காக வைரஸ் தடுப்பையே நிறுத்தி வைத்திருந்தார்கள். எட்டு மாதமும் அந்தக் கணினியில்தான் நான் பேங்க் கணக்குப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இணையத்தில் 400, 500 ரூபாய்க்கு விற்கும் சாவிகளும் பெரும்பாலும் இதே கதைதான் என்றான். பணம் கட்டுவதானால் முழு விலைக்கு, பில்லோடு வாங்குங்கள். இல்லையென்றால் உண்மையிலேயே இலவசமானதை எடுங்கள். நடுவில் இருக்கும் இந்த மலிவுச் சாவியைத் தொடவே வேண்டாம்.

இப்போது நான் லிப்ரெஆஃபிஸ். முதல் வாரம் கண் தேடியது, எந்தப் பொத்தான் எங்கே என்று. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதற்குள் போய் ‘டேப்ட்’ என்று மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு பழைய வேர்டு போலத்தான் இருக்கிறது.

#7 யாழ்வாசி

காவிரிக்கரை ஐயா, உங்களுடைய உண்மையான பிரச்சினை வானவில் என்று நினைக்கிறேன். சந்தாவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். எங்கள் பக்கம் பாமினி எழுத்துருவோடு இதே பாடுதான் பட்டோம்.

வானவில், பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கிலக் கோர்வை. கூகுள் டாக்ஸில் நம் சொந்த எழுத்துருவை ஏற்ற முடியாது, ஆகவே இந்த ஃபைல்களை அங்கே ஏற்றினால் ஒன்றும் படிக்க வராது. லிப்ரெஆஃபிஸிலோ வேர்டிலோ திறந்தால், கணினியில் அந்த எழுத்துருவை நிறுவியிருந்தால் போதும், இரண்டிலும் தெரியும்.

பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள எழுத்துரு ஃபைலை முதலில் பென்டிரைவில் எடுங்கள். அடுத்து, உங்கள் அப்பாவைப் பற்றிய 60 பக்கத்தை யுனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் வானவிலை மாற்றும். மாற்றும்போது ஒன்றைப் பாருங்கள்: இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும், அந்த இடங்கள் குழம்பிப்போகும். ஆகவே மூல ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் மட்டும் செய்யுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வீட்டில் யாராவது கூட உட்கார்ந்தால் நல்லது. நான் என் அம்மாவை உட்கார வைத்தேன். அவர் பழைய தாளைப் பார்த்து உரக்க வாசிக்க, நான் திரையில் பார்த்துத் திருத்தினேன். 40 பக்கத்துக்கு நான்கு நாள்.

#8 நூலகத் தன்னார்வலர் (கோவை)

சனிக்கிழமைகளில் ஒரு கிளை நூலகத்தில் மூத்தவர்களுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வி வாரம் ஒரு முறையாவது வரும். வருகிறவர்களிடம் நான் எந்த மென்பொருளின் பெயரையும் முதலில் சொல்வதில்லை. “உங்களிடம் இருப்பதிலேயே கஷ்டமான மூன்று ஃபைலைக் கொண்டு வாருங்கள்” என்பேன். சும்மா ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தால் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும். நம்மை மாட்டிவிடுவது அந்தக் கஷ்டமான மூன்றுதான்.

காவிரிக்கரை ஐயாவுக்கு அவை எவை என்று அவரே எழுதிவிட்டார். 180 வரிக் கணக்குத் தாள், முகவரிச் சீட்டு, வானவில் கடிதம். பணம் கட்டுவதற்கு முன்னால் லிப்ரெஆஃபிஸைப் போட்டு இந்த மூன்றின் நகலைத் திறந்து பாருங்கள். ஒரு மாலைப் பொழுது ஆகும். மூன்றும் சரியாக வந்தால் கேள்வியே முடிந்தது. வரவில்லை என்றால் ஒன்லிஆஃபிஸ் டெஸ்க்டாப்பையும் ஒரு கை பாருங்கள், அதுவும் இலவசம். வேர்டு ஃபைலின் பக்க அமைப்பு குலையாமல் வருவதில் சில நேரம் அது முந்திவிடும். இரண்டிலும் வரவில்லை என்றால் கணக்குப்பிள்ளை சார் சொன்ன வழிக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பக்கம் ஏன் குலைகிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். வேர்டில் காலிப்ரி, கேம்ப்ரியா என்று அடித்திருப்போம், அவை மைக்ரோசாஃப்டின் சொத்து. லிப்ரெஆஃபிஸ் அவற்றுக்குப் பதில் அதே அகலத்தில் செய்த கார்லிட்டோ, காலடியா எழுத்துருக்களைக் கூடவே தருகிறது. அதனால் வரி உடையும் இடம் மாறாது. இப்போதைய வேர்டில் இயல்பாக வரும் ஆப்டோஸ் என்றால் அந்த ஏற்பாடு இல்லை. உங்கள் ஃபைல்கள் பழையவை என்பதால் அந்தத் தொல்லை வராது.

தென்காசிச் சாரல் சொன்ன கூகுள் வழியை நானும் பரிந்துரைக்கிறேன், ஆனால் முதல் இடமாக அல்ல. கடவுச்சொல்லை மறந்து, பழைய கைப்பேசி எண்ணும் மாறிப்போய், கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் என் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்தவர்கள் உண்டு. வீட்டுக் கணக்கு உங்கள் லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். மூன்றாவது நகலாக அங்கே ஏற்றி வையுங்கள்.

#9 தென்காசிச் சாரல்

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். என் அப்பாவுக்கும் ஒரு முறை அப்படி ஆனது. சங்கப் பட்டியலைப் பகிர்வதற்கு மட்டும் ஆன்லைன் என்று திருத்திக்கொள்கிறேன்.

#10 காவிரிக்கரை

இத்தனை பேர் பொறுமையாக எழுதியது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. நேற்று மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தேன், எழுந்தபோது ஒன்பது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பென்ஷன் கணக்குத் தாள்: திறந்ததும் அப்படியே வந்தது. 180 வரியும், கடைசி வரியில் பிடித்தம் தீரும் மாதமும் சரி. அகவிலைப்படி விகிதத்தை மேலே ஒரு கட்டத்தில் மாற்றினால் கீழே எல்லாம் மாறுகிறது. ஆனால் எண்களில் காற்புள்ளி வெள்ளைக்கார முறையில் மூன்று மூன்றாக விழுந்தது. ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்தை 125,000 என்று பார்த்தால் எனக்குக் கை ஓடாது. 34 வருடம் 1,25,000 என்று எழுதிய கை. செல் ஃபார்மட்டுக்குள் மொழி என்ற இடத்தில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று தேர்ந்தெடுத்ததும் லட்சம், கோடி முறைக்கு வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம், ஆனால் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் பெரிது.

வானவில் கடிதம்: யாழ்வாசி சொன்னபடி பழைய கணினியில் இருந்து எழுத்துருவை எடுத்து வந்து வலது கிளிக் செய்து நிறுவினேன். தெரிந்தது. சங்கக் கடிதத்தாளின் தலைப்பு மட்டும் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. பெட்டிக்குள் அடித்திருந்ததால் அப்படி ஆனதாம். அதைப் புதிதாக ஒரு முறை அடித்து வைத்துவிட்டேன், இனி எல்லாக் கடிதத்துக்கும் அதுதான்.

முகவரிச் சீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு தாளுக்கு 24 சீட்டு. வேர்டில் இருந்ததுபோல் பட்டியலை நேராகக் காட்ட முடியவில்லை. அது ஏதோ டேட்டா சோர்ஸ் கேட்கிறது. எட்டரை மணிக்கு விட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

#11 பென்சில்முனை

ஐயா, அங்கே எல்லோரும் ஒரு முறை தடுக்குவார்கள். நீங்கள் பட்டியலை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். ஃபைல் மெனுவில் விசார்ட்ஸ், அதில் அட்ரஸ் டேட்டா சோர்ஸ். ‘அதர் எக்ஸ்டர்னல் டேட்டா சோர்ஸ்’ என்பதைத் தொட்டு உங்கள் எக்செல் ஃபைலைக் காட்டுங்கள், ஒரு பெயர் கொடுங்கள். இது ஒரே ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு ஃபைல், நியூ, லேபிள்ஸ். டேட்டாபேஸ் என்ற இடத்தில் நீங்கள் கொடுத்த பெயர் இருக்கும். பெயர், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ‘சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்’ என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். அதைச் செய்தால் முதல் சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மீதி 23-ம் அதே போல் மாறும். முதலில் வெறும் வெள்ளைத் தாளில் ஒன்று அடித்து, ஒட்டும் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டம் பொருந்தினால் மட்டும் ஒட்டும் தாளைப் போடுங்கள். அது விலை கூடினது.

#12 கணக்குப்பிள்ளை

அப்படியே இன்னொன்றும் மாற்றிக்கொள்ளுங்கள். லிப்ரெஆஃபிஸ் இயல்பாக ஓடிடி, ஓடிஎஸ் என்ற வடிவத்தில் சேமிக்கும். அது உலகத் தரமாக ஏற்கப்பட்டதுதான், தவறில்லை. ஆனால் உங்கள் சங்கச் செயலாளர் கைப்பேசியில் திறக்க முடியவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவார். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், அதில் ஜெனரல். அங்கே எப்போதும் வேர்டு, எக்செல் வடிவத்தில் சேமிக்கும்படி வைத்துவிடலாம். வெறும் படிக்க அனுப்புவது என்றால் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் போடுங்கள், மேலேயே பொத்தான் இருக்கிறது.

நான் எக்செலிலேயே இருப்பேன், என் வேலை அப்படி. ஆனால் ஐயாவின் மூன்று ஃபைலும் தேறிவிட்டால் அவருக்குச் சந்தா தேவையில்லை என்பதை மனதாரச் சொல்கிறேன்.

#13 ஓய்வு டீச்சர் (மதுரை)

இனிமேல் புதிதாக எழுதுவதை வானவிலில் எழுதாதீர்கள் சார். 2010 செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசே யுனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும்.

#14 காவிரிக்கரை

டீச்சர் அம்மா, நான் தமிழ்த் தட்டச்சு மேல்நிலை பாஸ் செய்தவன். ஃபேசிட் மெஷினில் பழகின விரல். தமிழ் 99-ஐ முயன்று பார்த்தேன், ‘ய’ எங்கே ‘ள’ எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் விரலை மாற்றுவது முடியும் என்று தோன்றவில்லை.

#15 யாழ்வாசி

மாற்றவே வேண்டாம் ஐயா. தமிழில் அடிக்க உதவும் மென்பொருள்களில் இ-கலப்பை இலவசம், என்எச்எம் ரைட்டரும் இலவசம். இரண்டிலும் பழைய தட்டச்சு அமைப்பு உண்டு. விரல் பழைய இடத்திலேயே போகும், திரையில் விழுவது யுனிகோடாக இருக்கும்.

#16 காவிரிக்கரை

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். இ-கலப்பை போட்டுத் தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வரியை அடித்தபோது கை தானாக ஓடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முகவரிச் சீட்டு வந்துவிட்டது. 140 பேர், ஆறு தாள், கடைசித் தாளில் நான்கு சீட்டு மீதம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது முதல் முறை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. பிரிண்டரில் தாள் அளவு லெட்டர் என்று இருந்திருக்கிறது, ஏ4 ஆக்கியதும் சரியாகிவிட்டது.

சந்தா கட்டப் போவதில்லை. அதில் பாதியாவது அந்தப் பெர்லின் அறக்கட்டளைக்கு நன்கொடையாக அனுப்பலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன், அவள் கார்டு மூலம் அனுப்புவாள். இலவசம் என்றாலும் யாரோ உட்கார்ந்து உழைத்தது அது.

அப்பாவைப் பற்றிய 60 பக்கத்தில் 11 பக்கம் யுனிகோடுக்கு மாற்றியாகிவிட்டது. மனைவி பழைய தாளைப் பார்த்து வாசிக்கிறாள், நான் திருத்துகிறேன். நேற்று ஒன்பதாம் பக்கத்தில் அப்பா சைக்கிளில் பாபநாசம் போய் வந்ததைப் படிக்கும்போது நிறுத்திவிட்டு, “இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லையே” என்றாள். அதோடு நேற்றைய வேலை நின்றுவிட்டது, இன்று சாயங்காலம் பத்தாம் பக்கத்தில் இருந்து மறுபடி சரிபார்க்க வேண்டும்.

உறுப்பினர் பட்டியலின் வெற்று மாதிரியையும் முகவரிச் சீட்டு ஃபைலையும் இங்கே இணைத்திருக்கிறேன். பெயர், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். வேறு ஊர்ச் சங்கத்தார் யாருக்காவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.